பாகன் இல்லாத பட்டத்து யானை

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டை அதிரவீரன் என்றொரு அரசன் ஆண்டான். காலையில் போட்ட ஆணையை மாலையில் மறந்துவிடுகிற ஆள். அதையெல்லாம் சரிசெய்தே அமைச்சர் ஏகம்பருக்குத் தலை நரைத்துவிட்டது. ஓய்வு கேட்கத்தான் அன்று அவர் சபைக்கு வந்திருந்தார். அதற்குள் வனக்காவல் தலைவர் விடங்கராயர் முந்திக்கொண்டார்.

"மன்னா, காப்புக்காட்டில் மலைக்குடிகள் தீ வைக்கிறார்கள். என் கண்ணால் பார்த்தேன். எல்லோரையும் வெளியேற்றிக் காட்டை என்னிடம் விடுங்கள்."

மலைக்குடித் தலைவி பொம்மி கைகட்டி நின்றாள். "சாமி, பனி ஈரத்துலயே காஞ்ச புல்லை ஓரமா எரிச்சு விடுவோம். அப்பத்தான் கோடையில பெருந்தீ உள்ள வராது."

"காட்டில் கைவைக்கிறவர்களா காட்டைக் காப்பது? வேல் பிடித்த காவலர் போதும்" என்றார் ராயர்.

அரசனுக்குப் பசி வேறு. "நாளை பொழுது சாய்வதற்குள் மலையைவிட்டு இறங்கட்டும்" என்று எழுந்து போய்விட்டான். பொம்மி அமைச்சரைப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவையா என்று ஏகம்பருக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் அவளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. யானைக் கொட்டாரத்துக்கு நடந்தார்.

மறுநாள் அரசன் உலா போகப் பட்டத்து யானையைக் கேட்டான். அது பசியில் பிளிறிக்கொண்டு சேற்றை வாரி இறைத்தது. சுற்றிலும் வேலோடு காவலர். கிட்டே போக ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ராயரும் அரசனோடு வந்திருந்தார்; ஏகம்பர் வரச்சொல்லியிருந்த பொம்மி ஓரமாக நின்றாள்.

"பாகன் எங்கே?"

"நான்தான் வெளியேற்றினேன்" என்றார் ஏகம்பர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "தினமும் யானைமேல் கைவைக்கிறான். கழுத்தில் வேறு ஏறி உட்காருகிறான். காட்டுக்கு வேல் போதுமென்றால் யானைக்குப் போதாதா? ராயரே, கொஞ்சம் குளிப்பாட்டிக் கொடுங்கள்."

ராயர் ஓரடி எடுத்து வைத்தார். யானை துதிக்கையைத் தூக்கியது. அவர் அரசனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்படியானால் காவலரே வேண்டாமா?"

"வேண்டும், மன்னா. தந்தத்துக்கு வருகிற திருடனைப் பாகன் தனியாகத் தடுக்க முடியாது. இருவரும் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்."

"மலைக்குடிகள் அங்கேயே இருக்கட்டும். இனி இருதரப்பும் கூடி முடிவெடுக்காமல் காட்டில் எதுவும் நடக்கக்கூடாது. ராயர் இந்தப் பருவம் பொம்மி காட்டுகிற இடத்தில் புல் எரிக்கட்டும். ஏகம்பரே, உமக்கு என்ன வேண்டும்?"

"ஓய்வு, மன்னா."

"கொடுத்தேன். ஆனால் இவர்கள் கூடினால் சண்டை வருமே. நடுவில் உட்கார நீர்தான் சரி."

ஏகம்பர் பெருமூச்சு விட்டார். பொம்மி கிட்டே வந்து மெல்லச் சொன்னாள்: "நல்ல நிழலா இடம் பார்த்து வைக்கிறேன் சாமி. நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க சாஞ்சு கண்ணை மூடிக்குங்க."

பல வருடங்களில் அரண்மனைக்குள் அவர் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.