ஆவுடைக்குப் போட்ட துண்டு

குரு என்றால் நரைத்த தாடியோடு கிழவராகத்தான் இருக்க வேண்டுமா என்ன? மாசிலாமணி ஓதுவாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் தேவாரம் படிக்க வந்த சங்கரபாண்டியனோ வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்தவர். சீடர் குருவை 'ஐயா' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். திருநெல்வேலியில் இதெல்லாம் சகஜம்.

ஒருநாள் பாடம் முடிந்தும் சங்கரபாண்டியன் எழுந்திருக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி?”

“ஊரைவிட்டே போயிரலாம்னு பாக்கேன் ஐயா. மக புனேயில இருக்கா. வந்திருங்கப்பான்னு கூப்பிடுதா.”

“இங்க என்ன குறை?”

“குறைன்னு என்னத்தச் சொல்ல? ஆவுடை போன பொறவு நான் ஒரு விசேஷத்தை விடல. கச்சேரி, பட்டிமன்றம், பொருட்காட்சி, எல்லாத்துக்கும் போறேன். கடை கடையா ஏறி இறங்குதேன். ஒண்ணும் உள்ள இறங்க மாட்டேங்கு. சவம், வெறும் சக்கையைச் சவைக்க மாதிரி இருக்கு. ஏன் ஐயா?”

ஆவுடை அவருடைய மனைவி. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், போய்விட்டாள். அதற்கப்புறம்தான் இவர் தேவாரம் படிக்க வந்தது.

ஓதுவார் தேவாரப் புத்தகத்தை மூடி வைத்தார். “சாயங்காலம் டவுன்ல நவராத்திரிக் கச்சேரி இருக்குல்லா? நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாறேன்” என்றார்.

சங்கரபாண்டியன் நேரத்தோடு போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்த பழக்கம். இவர் முன்னால் வந்து இடம் போடுவார். ஆவுடை கோயிலுக்குப் போய், பூ வாங்கி, வளையல் கடையில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் பாதிக் கச்சேரியில் வந்து சேருவாள்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்தாள். “இங்க ஆள் வருதா?”

“வருது.”

கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். “ஆள் வருதாவே?”

“வருது, வருது.”

பாட்டு தொடங்கிவிட்டது. கூட்டம் நெருக்கியடித்தது. யாரோ தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, “ஆள் வருதா?” என்றார்கள்.

“வருதுன்னு சொல்லுதேம்லா! எத்தனை வாட்டி கேப்பிய?” என்று எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஓதுவார் நின்றுகொண்டிருந்தார்.

“சரி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அவர் போய்த் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

சங்கரபாண்டியனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குருவையா விரட்டினோம்! துண்டை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். கைகூடப் போனது. எடுக்க மனசு வரவில்லை. எடுத்துவிட்டால் ஆவுடை வரமாட்டாள் என்று ஆகிவிடுமே. மேடையில் பாடிய பெண் என்ன பாடினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குத் தெரியாது. கச்சேரி முடிகிறவரை குரு நின்றார்.

வெளியே வந்ததும், “மன்னிக்கணும் ஐயா” என்றார் சங்கரபாண்டியன்.

“அதை விடுங்க. பசிக்கு. அல்வா சாப்பிடுவோமா?”

சீடர் புதிதாகத் திறந்திருந்த கண்ணாடிக் கடைப் பக்கம் நடந்தார். குரு அவர் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இருந்த பழைய கடைக்குத் திருப்பினார்.

“அங்க வேண்டாம் ஐயா.”

“ஏன், நல்லா இருக்காதா?”

“நல்லாத்தான் இருக்கும். நானும் அவளும் போற கடை. கடைக்காரன் அவ எங்கன்னு கேப்பான்.”

உண்மை அதுதான். இத்தனை நாளாக அவர் ஏறி இறங்கியதெல்லாம் தன்னை யாருக்கும் தெரியாத கடைகள். தெரிந்த கடைக்காரர் யாராவது தெருவில் பிடித்துக்கொண்டால், 'அவ மக வீட்டுக்குப் போயிருக்கா' என்று சொல்லி நழுவிவிடுவார். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில். டவுன் கடைகளுக்குச் சேதி எட்டவே இல்லை.

ஓதுவார் அதற்குள் கடை வாசலுக்குப் போயிருந்தார். அல்வாச் சட்டிக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் இசக்கி எட்டிப் பார்த்தார்.

“அடடே, வாங்க அண்ணாச்சி! ஆளையே காணோம்? அக்கா புனேயிலருந்து வந்துட்டாகளா?”

சங்கரபாண்டியன் குருவைப் பார்த்தார். குரு சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'இன்னும் வரல' என்று சொல்ல வாய் திறந்தது. ஆனால் கச்சேரி முழுக்க நின்றவர் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பொய் தொண்டையைத் தாண்டவில்லை.

“அவ வரமாட்டா இசக்கி. செத்துப்போயிட்டா.”

யாரிடமும் அவர் இதை இப்படிச் சொன்னதில்லை. இசக்கி கரண்டியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்து, நெய்க் கையோடு அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி சொல்லுதிய? எப்போ? ஒரு வார்த்தை சொல்லலியே! நாங்கள்லாம் யாரோவா?” இசக்கிக்கும் குரல் உடைந்தது. “கச்சேரி நாள் தவறாம வருவாகளே. இந்தா, இந்தத் தூணுக்கு மறைவா நின்னு ஒரு இலை அல்வா சாப்பிடுவாக.”

“யாரு, ஆவுடையா? ரோட்டுல நின்னா?”

“ஆமா. 'எங்க அவுகளுக்குத் தெரிஞ்சா வைவாக, சொல்லிராதீய'ன்னு சொல்லி, அல்வாவுக்குப் பொறவு கையில குடுக்க மிக்சரை ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்குவாக. அப்பறம் வாயைத் துடைச்சுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி கச்சேரிக்குப் போவாக.”

“களவாணி!” என்றார் சங்கரபாண்டியன்.

சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, நடுத்தெருவில் நின்று அழுதார். இசக்கி இலைத்துண்டில் சூடாக அல்வா வைத்துக் கையில் கொடுத்தார். எப்போதும் பார்சல் கட்டிக்கொண்டு போகிற மனிதர், அந்தத் தூணோரமே நின்று சாப்பிட்டார். நன்றாக இனித்தது.

“இத்தனை வருசம் கூடவே இருந்தேன் ஐயா” என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இது எனக்குத் தெரியாம இருந்திருக்கே.”

ஓதுவார் கையைக் கழுவிவிட்டு வந்து தெருவைப் பார்த்தார். வரிசையாகக் கடைகள் திறந்திருந்தன.

“மதினி இன்னும் எந்தெந்தக் கடைக்குப் போவாக அண்ணாச்சி?”