முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கவும்

ஜப்பானில் நகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் ஒரு சிறிய பௌத்த மடம் வரும். அதன் தலைவி கோஜுன் என்ற துறவி. முப்பத்தெட்டு வயது. ஞாயிறுதோறும் அவரிடம் தியானம் பழக ஒன்பது பேர் வருவார்கள். ஒன்பது பேருமே அவரைவிட மூத்தவர்கள்தான். ஆனாலும் ‘குருவே’ என்று அழைப்பதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

அந்த ஒன்பது பேரில் ஹிராசகாவும் ஒருவர். ஐம்பத்து மூன்று வயது. கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஒரு பிரிவுக்கு மேலாளர். நான்கு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் வராமல் இருந்ததில்லை. தியானம் எட்டு மணிக்கு என்றால் ஏழு இருபதுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அசையமாட்டார். தியானத்திலும் ஓவர்டைம் பார்க்கிற மனிதர் அவர். கோஜுன் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் சீக்கிரம் வந்த ஹிராசகா அன்று தியான அறைக்குப் போகவில்லை. நேரே சமையலறைக்குப் போய் நின்றார். கோஜுன் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

“குருவே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“என் பொண்ணு சயாகா, டியூஷன் சென்டர் படிக்கட்டுல மயங்கி விழுந்துட்டா.”

கோஜுன் கத்தியைக் கீழே வைத்தார்.

“இப்போ எப்படி இருக்கா?”

“எழுந்து நடக்கிறா. ஒரு மாசத்துக்குச் சாயங்கால வகுப்பே கூடாது, எட்டு மணி நேரம் தூங்கியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். உடம்புல தெம்பே மிச்சமில்லை, இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியிருக்கும்கிறார். அவ கேக்க மாட்டேங்கிறா. வகுப்பை நிறுத்தினோம். அந்த சென்டர்லயே படிப்பு அறைன்னு ஒண்ணு இருக்கு, அங்க போய் உக்காந்துடறா. பூட்டும்போதுதான் வெளிய வர்றா.”

சயாகாவுக்குப் பதினைந்து வயது. பிப்ரவரியில் அவளுக்கு மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. அந்த நாட்டில் எந்தப் பள்ளி என்பது எந்தக் கல்லூரி என்பதை முடிவு செய்யும், எந்தக் கல்லூரி என்பது எந்தக் கம்பெனி என்பதை முடிவு செய்யும். இதை நம் ஊர்ப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“நீங்க அவளைப் படி படின்னு சொல்லுவீங்களா?” என்று கோஜுன் கேட்டார்.

“சத்தியமா இல்லை குருவே. ஒரு நாளும் சொன்னதில்லை.”

“வேற என்ன சொல்லுவீங்க?”

“போதும்மா, வீட்டுக்குப் போய்த் தூங்குன்னு தினமும் போன் பண்ணிச் சொல்றேன்.”

“எங்கேயிருந்து பண்ணுவீங்க?”

“ஆபீஸ்லேர்ந்து.”

கோஜுன் மறுபடியும் கத்தியை எடுத்தார்.

“நான் சொல்லாத ஒண்ணை அவ ஏன் செய்யறா, குருவே?”

“தியானம் முடியட்டும். தேநீர் நேரத்துல பார்க்கலாம்.”

தியானம் முடிந்ததும் எல்லாருக்கும் தேநீரும் ஆளுக்கொரு பயறு இனிப்பும் தருவது அந்த மடத்து வழக்கம். வரிசையாக முழந்தாளிட்டு உட்கார்ந்திருப்பார்கள். குரு முதலில் கிண்ணத்தை எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். இப்படி ஒரு விதி எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்து வந்தார்கள்.

அன்று பத்துக் கிண்ணங்களிலும் ஆவி பறந்தது. கோஜுன் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

ஐந்து நிமிடம் போயிற்று. எதிரெதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குக் கால் மரத்துப் போய் உடம்பு லேசாக ஆடியது. ஒரு அம்மாள் கிண்ணத்தைப் பார்த்தார், குருவைப் பார்த்தார், மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் தாகம்தான். ஆனாலும் ஒரு கைகூட நீளவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. ஆவி எப்போதோ நின்றுவிட்டது.

ஹிராசகாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“குருவே, தேநீர் ஆறிப்போச்சு.”

“ஆமாம்.”

“யாருமே குடிக்கலை.”

“நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். குடிக்கக் கூடாதுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே.”

சொல்லிவிட்டு அவர் தன் கிண்ணத்தை எடுத்து, பச்சைத் தண்ணீர்போல் ஆகிவிட்ட தேநீரைக் குடித்தார். மறு நொடி எட்டுக் கிண்ணங்கள் மேலே போயின. ஹிராசகாவின் கிண்ணம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து போனவரும் அவர்தான்.

திங்கட்கிழமை.

அவருடைய அலுவலகத்தில் ஐந்தரைக்கு ஒரு மணி அடிக்கும். வேலை நேரம் முடிந்ததற்கான மணி அது. தினமும் அடித்தது, தினமும் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். ஹிராசகாவுக்குக் கீழே ஏழு பேர். அவர் கிளம்பாமல் அவர்கள் கிளம்பமாட்டார்கள். அவருக்கு மேலதிகாரியான நகாவோ கிளம்பாமல் ஹிராசகா கிளம்பமாட்டார். நகாவோ யாருக்காகக் காத்திருந்தாரோ, அது அவருக்குத்தான் தெரியும்.

நாம் எங்கிருந்து கிளம்பினாலும் ‘போயிட்டு வரேன்’ என்போம். அங்கே வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது மட்டும் வாசகம் வேறு. ‘உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மரியாதைக் குறைவை மன்னிக்கவும்.’ வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்குத்தான் இந்த மன்னிப்பு. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களுக்குப் பழகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை மணி அடித்ததும் ஹிராசகா எழுந்தார். கோட்டை மாட்டினார். பையை எடுத்தார்.

“உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன். மன்னிக்கவும்.”

ஏழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் பதறி எழுந்தார்.

“ஐயா, வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?”

“இல்லை இல்லை. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

நகாவோ தன் மேசையிலிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்ன ஹிராசகா, காய்ச்சலா?”

“இல்லைங்க. மணி ஆயிடுச்சு.”

“என்ன மணி?” என்றார் நகாவோ. கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

வாசலுக்குப் போகும்வரை ஹிராசகாவின் முதுகு கூசியது. திருடிக்கொண்டு போகிறவன்போல் உணர்ந்தார். முப்பது வருட வேலையில் மணி அடித்த கையோடு அவர் ரயிலேறியது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மடத்துக்கு வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. கையில் டைரி. கோஜுன் முற்றத்தில் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“குருவே, இந்த வார அறிக்கை சொல்லணும்.”

“சொல்லுங்க.” கோஜுன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார்.

ஹிராசகா டைரியைப் பிரித்து, அலுவலகக் கூட்டத்தில் வாசிப்பதுபோல் வாசித்தார்.

“திங்கள். ஆறேகாலுக்கு வீடு. யாருமே இல்லை. என் மனைவிக்கு மருந்துக்கடை வேலை முடியவே எட்டரை ஆயிடும். சயாகா பத்து மணிக்கு வந்தா. வாசல்ல என் ஷூவைப் பார்த்துட்டு, ‘வேலை போயிடுச்சாப்பா?’ன்னு கேட்டா. இல்லைன்னேன். நம்பலை.”

“அப்புறம்?”

“செவ்வாய். ஆறேகால். யாருமே இல்லை. அரிசி எந்த டப்பாவுல இருக்குன்னே தெரியாம அரை மணி நேரம் தேடினேன். சாதம் வச்சேன், குழைஞ்சு போச்சு. பத்து மணிக்கு வந்தா. சாப்பிட்டா.”

“புதன்?”

“யாருமே இல்லை. ஏழு மணிக்குப் போன் பண்ணினா. ‘அப்பா, வீட்டுலயா இருக்கீங்க?’ன்னு கேட்டா. ஆமான்னேன். வச்சுட்டா. ஒன்பது மணிக்கு வந்தா. ஏதோ நோட்டை வீட்டுல மறந்து வச்சுட்டாளாம், அதை எடுக்கத்தான் சீக்கிரம் வந்தாளாம்.”

“நோட்டு கிடைச்சுதா?”

“அவ தேடவே இல்லை குருவே.”

கோஜுன் குனிந்து, காலில் ஒட்டியிருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டார்.

“வியாழன்?”

ஹிராசகா டைரியைத் தாழ்த்தினார்.

“வியாழக்கிழமை நகாவோ என்னைக் கூப்பிட்டார். ஏப்ரல்ல வர்ற பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேர் இருந்ததாம். இப்போ எடுத்துட்டாராம். அன்னிக்கு வீட்டுல போய் உக்காந்தா, சுவத்துக் கடியாரச் சத்தத்தைத் தவிர ஒண்ணுமே இல்லை. அந்த அமைதியில எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருந்தது. எங்கேயாவது ஓடிப்போயிடலாமான்னு தோணிச்சு.”

“சயாகா?”

“எட்டே முக்காலுக்கு வந்தா. நான் கோபத்துல கேட்டுட்டேன். வகுப்பும் இல்லை, டாக்டரும் வேண்டாங்கிறார், அப்புறம் எதுக்கு அந்த அறைக்கே ஓடறேன்னு கேட்டேன். ‘அங்க ஆள் இருக்காங்க’ன்னா. ஒரு வார்த்தையாவது படிப்பைப் பத்திச் சொல்லணுமே. அங்க ஆள் இருக்காங்களாம். இது ஒரு காரணமா, குருவே?”

ஹிராசகா பக்கத்தைப் புரட்டினார்.

“வெள்ளிக்கிழமை மணி அடிச்சும் நான் எழுந்திருக்கலை. பத்து நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன். இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டா நகாவோ மனசு மாறிடுவாரோன்னு ஒரு சபலம். அப்புறம் கிளம்பிட்டேன். நான் கிளம்பினதும் எனக்குப் பின்னாடியே ரெண்டு பேர் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அவங்களைத் திட்டறதா வேண்டாமான்னு தெரியலை.”

“வீட்டுல?”

“ஆறு இருபத்தஞ்சு. யாருமே இல்லை. அவ ஏழரைக்கு வந்தா. வயித்து வலின்னா.”

“ஐயோ. சாப்பிடலையா?”

“ரெண்டு கிண்ணம் சாப்பிட்டா. மீன் இன்னும் இருக்கான்னு கேட்டா.”

கோஜுன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

“அப்புறம் சோபாவுல படுத்துப் புத்தகத்தைப் பிரிச்சா. ஒன்பது மணிக்குப் பார்த்தா தூங்கிட்டிருக்கா. போர்வையைப் போத்திவிட்டேன். காலையில ஏழு வரைக்கும் அசையலை.”

டைரியில் அடுத்து எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடினார்.

“இவ்வளவுதான் குருவே என் வாரம். நீங்க தேநீரை ஆறவச்சீங்க, நான் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன். நாமளே முதல்ல கிண்ணத்தை எடுக்கணும், வேலையை விட்டுக் கிளம்பணும்னு கிளம்பினேன். என்ன பலன்? பட்டியல்ல பேர் போச்சு. நகாவோ முகம் கொடுத்துப் பேசறதில்லை. நாளைக்கும் கிளம்பினா அடுத்த வருஷமும் பேர் வராது. இத்தனையும் போட்டுட்டு வீட்டுக்கு ஓடிவந்து கதவைத் திறந்தா, அஞ்சு நாளும் உள்ள யாருமே இல்லை. ஆபீஸ்லயாவது சுத்தி ஏழு பேர் இருப்பாங்க. யாருக்காக குருவே நான் கிளம்பறது? காலி வீட்டுக்காகவா?”

கோஜுன் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அந்த வீடு போன ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் காலியா இருந்தது, ஹிராசகா. இப்போ ஆறேகாலிலேர்ந்து அங்க ஆள் இருக்காங்க.”