பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே

பொத்தையடி மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்து மூன்று. புதிதாக வருகிறவர்கள் முதலில் வேலாயுதத்தின் காலில்தான் விழுவார்கள். அவர் பதறிப்போய்க் கிணற்றடியைக் காட்டுவார். அங்கே உலகம்மை வாளி கழுவிக்கொண்டிருப்பாள்.

வேலாயுதம் குடும்பநல நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் நீதிபதியாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு கேள்வியோடு படியேறி வந்தார்.

"அம்மை, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கேன். சட்டப்படி எல்லாம் சரியான தீர்ப்பு. ஒரு குடும்பம்கூட என் கண் முன்னால சேர்ந்து வீட்டுக்குப் போகல. ஏன்?"

"அடுப்புக்கு விறகு இல்ல. கொஞ்சம் பொறுக்கிட்டு வாங்க" என்றாள் அம்மை.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. விறகு பொறுக்குவதில் அவர் தேறிவிட்டார். பதில் மட்டும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் செண்பகவடிவு வந்தாள். கீழே ஊரில் பால்வாடி ஆசிரியை. வயது இருபத்தேழு. படியேறிய மூச்சு இறங்கும் முன்பே பேச ஆரம்பித்தாள்.

"எனக்குக் கல்யாணம் வேண்டாம் அம்மை. அதச் சொல்ல ஒரு தைரியம் வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

"மாப்பிள்ள சரியில்லையா?"

"தங்கமான மனுசன். தூத்துக்குடியில வேல. ரெண்டு வருசமா காத்துக்கிட்டிருக்காவ. வார வெள்ளிக்கெழமைக்குள்ள ஆமாவா இல்லையான்னு நேர்ல வந்து சொல்லுன்னுட்டாவ."

"உனக்குப் பிடிக்கலையா?"

வடிவு தலைகுனிந்தாள். பிடித்திருக்கிறது என்பது வேலாயுதத்துக்கே தெரிந்தது.

"பெறகு என்ன?"

"நான் போயிட்டா எங்க அப்பாவும் அம்மாவும் எப்படிப் பேசிக்கிடுவாவ?"

அம்மை வாளியைக் கீழே வைத்தாள்.

வடிவுக்கு எட்டு வயதானபோது நடந்தது அது. வீட்டில் அத்தைக்கு வளைகாப்பு. அம்மா ஆவுடை பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில், ஆவுடையின் அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு ஆள் வந்து சொன்னான். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று வடிவின் அப்பா நயினார் மறைத்துவிட்டார். கடைசிப் பந்தி எழுந்து, வெற்றிலை எடுத்து, வண்டிகள் புறப்பட்ட பிறகுதான் மனைவியிடம் சொன்னார். ஆவுடை பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

"திரும்பி வந்து என்னக் கூப்பிட்டா. 'உங்க அப்பாகிட்டப் போய்ச் சொல்லு, இனி எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல'ன்னா. நான் போய்ச் சொன்னேன். அதுதான் மொத தடவ."

"அதுக்கப்புறம்?"

"பத்தொம்பது வருசம்."

அப்பா முன்கூடமான பட்டாசலில். அம்மா அடுக்களையில். நடுவில் நிலைப்படியில் வடிவு. 'சாப்பிட வரச் சொல்லு', 'பசிக்கலன்னு சொல்லு', 'கரண்டு ஆபீசுக்குப் போனாரான்னு கேளு', 'போகலன்னு சொல்லு'.

"வீடு எவ்வளவு பெரிசும்மா?" என்று கேட்டார் வேலாயுதம்.

"பதினோரு எட்டு வச்சா அடுக்கள வந்துரும்."

"அப்படின்னா அவங்க பேசுறது நேராவே காதில விழுமே!"

"விழும் ஐயா. ஆனா நான் சொன்ன பெறகுதான் கேட்ட மாதிரி."

"நீ ஊருல இல்லாத நாள்ல?"

"காலேஜுல நாலு நாள் டூர் போனேன். பக்கத்து வீட்டு ஆட்டுகிட்டப் பேசியிருக்காவ."

வேலாயுதம் சிரித்துவிட்டார். வடிவும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மை சிரிக்கவில்லை. "அவங்க சொல்றத நீ அப்படியே சொல்லுவியா?" என்று கேட்டாள்.

வடிவு சற்று யோசித்தாள். "அம்மா, 'அந்தக் கல்லு மனுசன்கிட்டக் கேளு'ன்னு ஆரம்பிப்பா. நான், 'அப்பா, அம்மா கேக்கா'ன்னு ஆரம்பிப்பேன். இவ்வளவுதான் மாத்துவேன்."

"எட்டு வயசுல இருந்தா?"

"எட்டு வயசுல இருந்து."

அம்மை எழுந்தாள். "நீ வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்க இரு. ஐயா, நாளைக்கு நீங்க அந்த வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

வேலாயுதத்துக்கு மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, விறகு அல்லாத ஒரு வேலை.

செவ்வாய்க்கிழமை போனார். பட்டாசலில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, கணவனையும் மனைவியையும் உட்காரவைத்தார். நீதிமன்றத்தில் தன் அறையில் ஆயிரம் தடவை செய்த காரியம்தான்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவில இனி ஆள் வேண்டாம். நேருக்கு நேர் பேசுங்க."

நயினார் மின்விசிறியைப் பார்த்தார். ஆவுடை வேலாயுதத்தைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க வெயில்ல வந்திருக்கீய. ஐயா மோர் குடிக்காவளான்னு உங்ககிட்டக் கேக்கச் சொல்லி அவருகிட்டச் சொல்லுங்க."

வேலாயுதம் ஒரு நிமிஷம் தடுமாறிப்போனார். யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கே புரியவில்லை. குரலைச் சரிசெய்துகொண்டார்.

"மோர் இருக்கட்டும். பத்தொம்பது வருஷம் ஆச்சும்மா. மறந்துடலாமே?"

ஆவுடை எழுந்து அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நயினார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டார். எதிரெதிரே கிடந்த இரண்டு வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் முன்னாள் நீதிபதி தனியாக உட்கார்ந்திருந்தார்.

மடத்துக்கு வந்து, "கெடுத்துட்டேன் அம்மை" என்றார்.

"மோர் குடிச்சீங்களா?"

"இல்ல."

"கேட்டாங்களே. குடிச்சிருக்கலாம்."

புதன்கிழமை அம்மையே போனாள். வேலாயுதம் பின்னால் நடந்தார். அவர் பட்டாசல் மூலையில் உட்கார்ந்துகொண்டார். அம்மை போய், வடிவு நிற்கிற நிலைப்படியில் நின்றாள்.

"வடிவு ரெண்டு நாள் எங்க மடத்துல இருக்கா. அவ வேலைய நான் பாக்கேன்."

நயினாருக்கும் ஆவுடைக்கும் கூச்சமாக இருந்தது. ஊரே கும்பிடுகிற ஆள். ஆனாலும் மத்தியானம் இலை போட்ட பிறகு, பழக்கம் கூச்சத்தை மிஞ்சிவிட்டது.

"உப்பு கம்மின்னு சொல்லுங்க" என்றார் நயினார், இலையைப் பார்த்துக்கொண்டே.

அம்மை நிலைப்படியில் நின்றபடி குரல் கொடுக்கவில்லை. அடுக்களைக்கு நடந்தாள். தளும்ப நிறைந்த பாத்திரத்தைச் சுமந்து போகிறவளைப் போல நடந்தாள். ஆவுடையின் முன்னால் போய், அவள் கண்ணைப் பார்த்து, "உப்பு கம்மி" என்றாள்.

ஆவுடை திகைத்தாள். அந்த வீட்டில் இத்தனை வருஷமாக யாரும் அவள் முன்னால் வந்து நின்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சத்தம் வரும், ஆள் வராது.

"அந்தக் கல்லு மனுசன்கிட்டச் சொல்லுங்க, இலையோரமா உப்பு வச்சிருக்கேன், கண்ணு தெரியலையான்னு."

அம்மை திரும்பி நடந்தாள். பதினோரு எட்டு. நயினாரின் எதிரே தரையில் அமர்ந்தாள்.

"கல்லு மனுசன். இலையோரமா உப்பு வச்சிருக்கு. கண்ணு தெரியலையா?"

வேலாயுதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு எழுத்துக் குறையவில்லை. ஆனால் அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ஆவுடை கொடுத்ததை வழியில் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவுதான்.

நயினாரின் கை இலைமேல் அப்படியே நின்றது. அந்தச் சொல்லை அவர் அடுக்களைப் பக்கமிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். முகத்துக்கு நேரே வந்து இறங்கியது அன்றுதான்.

கையை இலையிலிருந்து எடுத்துவிட்டு, "எதனால கல்லுன்னு கேளுங்க" என்றார்.

அம்மை எழுந்தாள். நடந்தாள். கேட்டாள்.

"அவருக்கே தெரியும்னு சொல்லுங்க."

நடந்தாள். சொன்னாள்.

"தெரியும்னு சொல்லுங்க" என்றார் நயினார்.

அன்று மாலைக்குள் அம்மை அந்த வழியை நாற்பது தடவையாவது நடந்திருப்பாள். பால் வாங்கணுமா, மேலத்தெருக் கல்யாணத்துக்கு யார் போவது, முதுகுவலிக்குத் தைலம் எங்கே. எதையும் சின்னது என்று அவள் தள்ளிவிடவில்லை. தைலத்தைக் கேட்கப் போனபோதும் அதே சிந்தாத நடைதான். வேலாயுதம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். தன் முன்னால் எத்தனை பேர் எத்தனை சொற்களைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள், அவற்றில் எத்தனையைத் தான் தீர்ப்பில் ஒரு வரியாகச் சுருக்கியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நயினார் இலைமுன் உட்கார்ந்தார். சோறு ஆறியது. கை வைக்கவில்லை.

"அம்மை, அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மை காத்திருந்தாள்.

"அன்னைக்குச் சாவுச் சேதி கொண்டுவந்த ஆளு, எறந்துட்டாருன்னு மட்டும் சொல்லல. இன்னொண்ணும் சொன்னான். பச்சப் புள்ளகிட்ட அதச் சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரல. அவளும் வளந்துட்டா. அப்பவும் வரல. இப்போ நீங்க வந்திருக்கீய. அதக் கொண்டுபோய்…"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வேண்டாம்" என்றாள் அம்மை. "அத எங்கிட்டத் தராதீங்க ஐயா. என்னால தூக்க முடியாது."

சொல்லிவிட்டு, நிலைப்படியை விட்டு விலகிச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே யாரும் இல்லை.

வேலாயுதத்தின் முழங்கால்கள் தாமாக அசைந்தன. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எழுந்து ஏதாவது சொல்லிவிடப் பார்த்தார். அம்மை ஒரு தடவை அவரைப் பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

நயினார் எழுந்தார். நடந்தார். மூன்றாவது எட்டில் நின்றார். தூணைப் பிடித்துக்கொண்டார். மறுபடி நடந்தார். மடத்துப் படிகளை ஒன்றரை வருஷமாக ஏறி இறங்குகிறவர் வேலாயுதம். அவ்வளவு நீளமான வழியை அவர் கண்டதில்லை.

அடுக்களை வாசலில் நயினார் நின்றார்.

"ஆவுடை."

அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள்.

"ஒன்னத்தான் கேட்டாராம். 'ஆவுடை வந்துட்டாளா'ன்னு மூணு தடவ கேட்டாராம். மூணாவது தடவ கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனாராம்."

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. இருவரும் அதை இறக்கவில்லை. தீயில் விழுந்து சுர்ரென்ற சத்தம் மட்டும் கேட்டது.

சந்நிதியில் திரை விலகும்போது நிற்பது போல வேலாயுதம் தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

ஆவுடை திரும்பாமலே கேட்டாள்.

"மூணு தடவையா?"

"மூணு தடவ."

அம்மை எழுந்து வேலாயுதத்தின் தோளைத் தொட்டாள். இருவரும் ஓசைப்படாமல் வெளியே வந்தார்கள். செருப்பில் கால் நுழைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வடிவைக் கூட்டிக்கொண்டு இருவரும் ஊருக்குள் இறங்கினார்கள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

"நான் பந்தியில ஒருத்தர் விடாம சிரிச்சுச் சிரிச்சுப் பாயசம் ஊத்திக்கிட்டிருந்தேன்! எங்க அப்பா அங்க செத்துக் கெடக்காரு! பாத்துக்கிட்டு நின்னீங்களே, பாத்துக்கிட்டு!"

"தப்புதாம்ட்டி! தப்புன்னுதானே ராத்திரியில இருந்து சொல்லுதேன்!"

"இப்போ சொன்னா ஆச்சா? கல்லு மனுசன்!"

"நீ மட்டும் என்ன? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் மூஞ்சியப் பாத்தியா?"

எதிர்வீட்டுக்காரி கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் அப்படியே நின்றாள். "ஏட்டி வடிவு, என்னட்டி உங்க வீட்டுல? நான் இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்த வீட்டுல இப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல!"

வடிவு ஓடத் தொடங்கினாள். அம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அம்மை, நான் போய்ச் சமாதானம் சொல்லுதேன்!"

"உங்க அம்மா இப்போ என்ன சொன்னா?"

"கல்லு மனுசன்னா."

"யாருகிட்டச் சொன்னா?"

வடிவு கையை இழுப்பதை நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டாள். உள்ளே அவளுடைய அம்மாவின் குரல் உடைந்து அழுகையாயிற்று. அப்பாவின் குரல் ஏதோ சொன்னது. அழுகை மறுபடி ஏச்சாக மாறியது. அவர்கள் இருவரில் ஒருவர்கூட வடிவைக் கூப்பிடவில்லை.

"அம்மை, இது எப்போ முடியும்?" என்று மெல்லக் கேட்டார் வேலாயுதம்.

"பத்தொம்பது வருசத்துச் சண்ட. இப்போதானே ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள் அம்மை.

பிறகு வடிவின் கையை விட்டாள்.

"தூத்துக்குடிக்கு பஸ் எத்தன மணிக்கு?"