ஆணியில் தொங்கிய கோணி

“அக்கா, மூணு வருஷமா பின் சீட்டே தச்சிட்டிருக்கேன். டிரைவர் சீட்டை எப்போ என் கையில குடுப்பீங்க?”

கேட்டவர் வரதன். வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் சட்டையும் பேன்ட்டும் தைத்து, அது சலித்துப்போய், கார் சீட் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவள் ஜெபமணி. வயது நாற்பது. பழைய காரோ வேனோ, உள்ளே இருக்கிற சீட்டு, கூரைத்துணி, கதவு அட்டை எல்லாவற்றையும் பிரித்துப் புதுசாக்கித் தருகிறவள். இடதுகைக்காரி. அவள் போடுகிற கைத்தையல் மற்றவர்கள் தையல் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்.

அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்கிற வழக்கு அந்தப் பட்டறையில் தீர்ந்ததே இல்லை.

ஜெபமணி தன் முக்காலியை விட்டு எழுந்தாள்.

“உட்காருங்கண்ணே.”

வரதன் உட்கார்ந்தார். உடனே நெளிந்தார்.

“என்னக்கா இது, ஒரு பக்கமா சரியுது?”

“எனக்குச் சரியலையே.”

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று வரதனுக்கு எரிச்சல்.

அன்று மத்தியானமே ஒரு வேன் வந்து நின்றது. ஐம்பது வருஷத்து வண்டி. மூஞ்சி உருண்டை, விளக்கு உருண்டை. ஓட்டிவந்த மஸ்தான் பாய்க்கு அறுபத்தெட்டு வயசு. பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவர். வாய் மட்டும் இருபது.

“ஜெபம்மா, என் மவன் வண்டிக்கு ஆள் பாத்துட்டான். ‘உங்களுக்கு வயசாச்சு வாப்பா, வித்துடுவோம்’ங்கறான். அஞ்சு வருஷம் முன்ன கால் ஒடிஞ்சு படுத்தவன், மூணாம் மாசமே இதே வண்டிய எடுத்தேன். எனக்கா வயசாச்சு?”

“இல்ல பாய்.”

“டிரைவர் சீட்டுதான் நார்நாராப் போச்சு. புதுசு பண்ணிக் குடு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த ஆள் வர்றான். அதுக்குள்ள மவனை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுறேன். ஓட்டிட்டேன்னா வண்டி எனக்கு. முடியலேன்னா, சாவி அவனுக்கு. பேச்சு பேச்சுதான்.”

பாய் இறங்கிப் போனார்.

ஜெபமணி வரதன் பக்கம் திரும்பினாள்.

“பாய் எறங்கினதைப் பாத்தீங்களாண்ணே?”

“சீட்டைப் பாத்தேன்க்கா. சாய்மானம் ஒரு பக்கம் வீங்கிக் கிடக்கு.”

அவள் வீங்கின பக்கத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்களே செய்ங்க.”

வரதனுக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டிலிருந்து பிரித்தெடுத்ததை ஒரு கோணிப்பையில் போட்டு, சுவர் ஆணியில் மாட்ட வேண்டும். வண்டி போகிற வரைக்கும் அது தொங்கும். வண்டி போன பிறகுதான் குப்பை.

வரதன் பிரிக்கப் பிரிக்கச் சிரித்தார். தேங்காய் நார், துரு ஏறின ஸ்பிரிங், கம்பித் துண்டு. சாய்மானத்தின் அடியில், இடப்பக்கம், சாக்குத்துணியை மடித்து மடித்துத் தைத்த ஒரு பொட்டலம். இரண்டு விரல் தடிமன்.

“எவனோ நார் பத்தாம கண்டதையும் அடைச்சிருக்கான்க்கா! கூலி வாங்கினானே, வெக்கமா இருந்திருக்காது?”

“கோணியில போடுங்க” என்றாள் ஜெபமணி.

மூன்று நாள் உழைத்தார். புது நார், புது ஸ்பிரிங், மாம்பழ நிற ரெக்ஸின். முடிந்ததும் சாய்மானத்தின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். நடுவே வெளிச்சம்கூட நுழையவில்லை.

“எப்படிக்கா?”

“தையல் நல்லாருக்கு” என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மஸ்தான் பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. சீட்டைப் பார்த்ததும் விசில் அடித்தார்.

“டைலரே! மாப்பிள்ளை உட்கார்ற சீட்டால்ல தச்சிருக்கே!”

ஏறினார். வண்டியைக் கிளப்பினார். தெருமுனை வரைக்கும் போகவில்லை. வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றது. மறுபடி கிளம்பி, மறுபடி நின்றது. மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தார்.

இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“சாஞ்சு உட்கார்ந்தா கிளட்ச் எட்டல. முன்னால தள்ளி உட்கார்ந்தா முதுகு அந்தரத்துல நிக்குது.”

“பாய், சீட்டு…” என்று ஆரம்பித்தார் வரதன்.

“சீட்டு மேல குத்தமில்லப்பா. அது ராஜா மாதிரி இருக்கு. போன வாரம் வரைக்கும் கந்தல்ல உட்கார்ந்து ஓட்டினேன், ஒண்ணும் தெரியல. புதுசுல உட்கார்ந்ததும் என் வயசு தெரிஞ்சுபோச்சு. மவன் சொன்னது சரிதான்.”

இருபது வயசு வாய் எங்கேயோ போயிருந்தது.

வரதன் ஜெபமணியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“ஏதாவது சொல்லுங்கக்கா.”

“சீட்டு உங்களுதுண்ணே.”

பாய் கதவைத் திறந்து இறங்கினார். அப்போதுதான் வரதன் பார்த்தார். வலது கால் தரையில் பட்டது. இடது கால் தரையைத் தேடியது. தேடித்தான் கண்டுபிடித்தது.

ஒடிந்து கூடிய கால் அது, கிளட்ச் மிதிக்கிற கால்; இரண்டு விரல் குட்டை.

“பாய், ஒரு அரை மணி நேரம் குடுங்க. எதிர்த்தாப்ல டீ நல்லாருக்கும்.”

“எதுக்கு? சாவியக் குடுக்கறதுக்கு முன்னால தெம்பு வரட்டும்னா?”

“குடிச்சிட்டு வாங்க பாய். கெஞ்சிக் கேக்கறேன்.”

பாய் போனார்.

வரதன் கோணியை ஆணியிலிருந்து இறக்கித் தரையில் கவிழ்த்தார். நார், ஸ்பிரிங், கம்பி, தூசி. கடைசியில் அந்தச் சாக்குப் பொட்டலம்.

கையில் எடுத்தார். அது பொட்டலம் இல்லை. ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் வர வர மெலிசு. அளந்து, யோசித்து மடித்தது.

தூசியைத் தட்டினார். தையல் தெரிந்தது.

எல்லாத் தையலும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

வரதன் நிமிர்ந்து பார்த்தார். ஜெபமணி பார்க்கவில்லை.

“எவனோன்னு சொல்லிட்டேனேக்கா.”

“நேரமாகுதுண்ணே.”

சாய்மானத்தின் பின்பக்கத் தையலைப் பிரித்தார். இடப்பக்கத்து நாரை ஒரு கை அள்ளி வெளியே எடுத்தார். சாக்கை அதன் பழைய இடத்தில் வைத்தார். தைத்து மூடினார். மாம்பழ ரெக்ஸின் ஒரு பக்கம் லேசாக வீங்கியது. அவர் ஸ்கேலைத் தேடவில்லை.

மூன்றே முக்காலுக்கு பாய் வந்தார். கூடவே மகனும் வந்திருந்தான்.

“வாப்பா, எதுக்கு வீண் சிரமம்? சாவியக் குடுங்க.”

“ஒரே ஒரு தரம் உட்காருங்க பாய்” என்றார் வரதன்.

பாய் அரை மனசாக ஏறினார். சாய்ந்தார். கிளட்சை மிதித்தார்.

மறுபடி மிதித்தார்.

அவர் முகத்தைப் பார்க்கணுமே! பேரன் பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி இருந்தது.

“ஏறுடா!” என்றார் மகனைப் பார்த்து.

வேன் தெருமுனை திரும்பியது. சத்தம் தேய்ந்தது. வரதன் வாசலுக்கு வந்து நின்றார். பத்து நிமிஷம் கழித்து, எதிர்த் தெரு வழியாக, ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மகன் முன்சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“இல்லண்ணே, வர வேணாம். வாப்பா குடுக்கறதா இல்ல. எங்க, நான் சொல்லிக் கேக்கற ஆளா?”

வரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கண் கரித்தது. சிரிப்பும் வந்தது.

பாய் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“டைலரே, உள்ளதைச் சொல்லு. முன்னாடி ஓட்ட முடியல, இப்ப ஓடுது. என்ன கோளாறு?”

ஜெபமணியின் ஊசி நின்றது.

வரதன் பாயின் முகத்தைப் பார்த்தார். மகன் முகத்தைப் பார்த்தார். எழுந்து, கை தூசியைத் தட்டினார்.

“ஒரு ஸ்பிரிங்கை மாத்திப் போட்டுட்டேன் பாய். என் தப்பு.”

“அடப்பாவி! அதுக்காடா நான் டீக்கடையில உட்கார்ந்து என் காலைத் திட்டினேன்?”

பாய் சிரித்த சிரிப்பில் வேனும் சேர்ந்து அதிர்ந்தது. கிளம்பிப் போனார்.

தெரு அமைதியானது. ஜெபமணி முக்காலியை விட்டு எழுந்து வந்தாள். தரையில் கிடந்ததையெல்லாம் கோணியில் அள்ளி அவர் கையில் கொடுத்தாள்.

“இதைக் கொட்டிட்டு வாங்கண்ணே. நாளைக்கு ஒரு அம்பாசடர் வருது, டிரைவர் சீட்டு.”