மீன் கடிக்காத நாள்

நடேசு மாஸ்டரைக் குரு என்று யாராவது சொல்லிவிட்டால் முகத்தைச் சுழிப்பார். ஊரில் பூகோளம் படிப்பித்தவர். டொரோண்டோவுக்கு வந்தபிறகு வியாழக்கிழமைகளில் தன் வீட்டு பேஸ்மென்டில் நாலைந்து பேரோடு சும்மா உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்வார். பல நாட்களில் சொல்லவும் மாட்டார். அதற்கும் ஆட்கள் போனார்கள்.

மாரி காலம் வந்தால் அதுவும் கிடையாது. வடக்கே உறைந்து கிடக்கும் ஏரிக்குப் போய், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கக் குந்திவிடுவார். ஞானம் கதைக்கிறவர் மீன் பிடிக்கலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர் பொரித்துக் கொடுத்தபோது அவர்கள்தான் இரண்டாம் தரமும் வாங்கித் தின்றார்கள்.

சிவகடாட்சம் அந்த நாலைந்து பேரில் ஒருவர். வயதில் மாஸ்டருக்கு மூத்தவர். அதனால் சிவகடாட்சம் இவரை மாஸ்டர் என்பார், மாஸ்டர் அவரை அண்ணை என்பார். யார் யாருக்குச் சீடர் என்று வெளியாள் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அன்று காலை சிவகடாட்சம் ஏரிக்குப் போனது மீனுக்காக இல்லை. கோபம் தாங்க முடியாமல் போனார். அவ்வளவு தூரம் கார் ஓடியும் அது ஆறவில்லை. போகப் போகக் கூடிக்கொண்டுதான் வந்தது.

முதல் நாள் அவருடைய தம்பி குகதாசனின் மனைவி போன் எடுத்திருந்தாள். குகதாசனுக்குத் தொண்டையில் புற்றுநோய். நாளைக்குக் காலையில் சத்திரசிகிச்சை, குரல்வளையை முழுதாக எடுக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு அவனுக்குக் குரல் இல்லை. இன்றைக்கு, பின்னேரம் பார்வையாளர் நேரம் முடிவதற்குள், அண்ணை ஒருக்கால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமாம். அவனுக்கு அண்ணையோடு கதைக்க வேண்டுமாம்.

ஒன்பது வருஷம் கதைக்காதவனுக்கு, குரல் போகப்போகுது என்றதும் அண்ணை நினைவு வந்துவிட்டது. சிவகடாட்சத்துக்கு அதை நினைக்க நினைக்கப் பற்றி எரிந்தது.

மாஸ்டரின் கூடாரம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. தடித்த கறுப்புத் துணிக் கூடாரம். உள்ளே இரண்டு துளைகள், இரண்டு கவிழ்த்த வாளிகள், ஒரு சின்ன காஸ் அடுப்பு. மாஸ்டர் ஒரு வாளியில் குந்தி, முழ நீளத் தூண்டில் ஒன்றைக் கையில் பிடித்தபடி துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவரை நிமிர்ந்து பார்த்து, மற்ற வாளியைக் காட்டினார்.

சிவகடாட்சம் குந்தவில்லை. நின்ற நிலையிலேயே விஷயத்தைச் சொல்லி முடித்தார். பிறகு கேட்டார்.

"போகவேணுமோ, வேண்டாமோ? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ மாஸ்டர்."

"இண்டைக்குக் கடி குறைவு," என்றார் மாஸ்டர். "இருங்கோ அண்ணை."

சிவகடாட்சத்தின் கையில் ஒரு தூண்டிலும் வந்துவிட்டது.

மன்னித்துவிடுங்கோ என்று மாஸ்டர் சொல்வார் என்றுதான் சிவகடாட்சம் எதிர்பார்த்து வந்தார். அதற்குச் சுடச்சுடப் பதிலும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். உங்களுக்கு இப்படி ஒரு தம்பி இருந்திருந்தால் தெரியும் என்று தொடங்குவதாக இருந்தார். இப்போது அந்தப் பதிலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. தூண்டிலைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

மாஸ்டர் மெல்லிய குரலில் விபரம் சொன்னார். இந்த இடத்தில் பெர்ச் உண்டு, மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி போட்ட சின்ன மீன். கூட்டமாக வரும். வெளிச்சம் குறையும் நேரத்தில் வால்ஐ என்ற மீன் வரும். அது பெரிது, கண்கள் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசி என்றால் ருசி. சில நாள் போட்டவுடன் கடிக்கும். சில நாள் இப்படித்தான்.

சிவகடாட்சம் காதில் அது பாதிதான் விழுந்தது. அவர் மனம் ஒன்பது வருஷத்துக்கு முந்தி எட்மன்டன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது.

அப்போது அவருக்கு வேலை எட்மன்டனில். அப்பா டொரோண்டோவில் குகதாசனோடு இருந்தார். அப்பா செத்த கையோடு பனிப்புயல், இரண்டு மூன்று நாள் பிளேன் ஒன்றும் எழும்பவில்லை. ஒரு நாள் பொறு, நான் எப்படியும் வந்துவிடுவேன் என்று இவர் போனில் கெஞ்சினார். குகதாசன் பொறுக்கவில்லை. மண்டபம் கிடைக்காதாம், ஐயர் வேறு செத்தவீட்டுக்குப் போகவேண்டுமாம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிறது மூத்த மகன். இந்த நாட்டில் கொள்ளி என்பது சுடலையில் ஒரு பொத்தானை அமத்துவது. அதுவானாலும் மூத்தவனுடைய பொத்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், செத்தவீட்டை நேரலையாகப் பாருங்கோ என்று லிங்க் அனுப்பியிருந்தான். இவர் விமான நிலையத்துக் கதிரையில், கையில் காப்பியோடு, போன் திரையில் பார்த்தார். குகதாசனின் விரல் அந்தப் பொத்தானை அமத்தியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி என்ன நடந்தது என்று கேட்டாள். இவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

நினைத்த வேகத்தில் தூண்டிலை வெட்டி இழுத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி விட்டார், மறுபடி இழுத்தார்.

"கொஞ்சம் ஆறுதலா," என்றார் மாஸ்டர்.

சிவகடாட்சம் எழுந்து வெளியே போனார். ஐஸ் துளைக்கும் மிஷின் கூடாரத்துக்குப் பின்னால் கிடந்தது. அதை முடுக்கி, தள்ளிப்போய் ஒரு துளை போட்டார். மிஷின் கைக்குள் உறுமுவது நன்றாகவே இருந்தது. தூண்டிலை விட்டார். கடிக்கவில்லை. இன்னும் தள்ளிப்போய் இன்னொன்று போட்டார். அங்கும் இல்லை. மத்தியானத்துக்குள் அந்தப் பக்கம் முழுக்கச் சல்லடை ஆகிவிட்டது. காது குளிரில் எரிந்தது, விரல்கள் மரத்தன, கோபம் மட்டும் சூடாக இருந்தது. பக்கத்துக் கூடாரத்து மனிதன் ஒருவன் வெளியே வந்து இவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். இவரும் திருப்பி முறைத்தார்.

சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மனைவி. வெளிக்கிட்டாச்சோ என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். பின்னேரத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டினம், நாளைக்குப் போய் என்ன பிரயோசனம் என்று சத்தம் போட்டாள். இவர் அதைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டுவிட்டு வைத்தார்.

கூடாரத்துக்குள் திரும்பி வந்து தன் துளையில் தூண்டிலை விட்டபோது மாஸ்டர் காலையில் இருந்த வாளியிலேயே இருந்தார். சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அதற்குமேல் சிவகடாட்சத்தால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் ஓடி வந்த மனிதனுக்கு ஒரு சொல் சொல்லாமல் இப்படிக் குந்தியிருக்கிறீர்களே என்று மாஸ்டரையே ஏசத் தொடங்கினார். இதுதானா ஞானம், இதற்குத்தானா இத்தனை வியாழக்கிழமை வந்தேன் என்றார். கடைசியில் ஏரியையும் விடவில்லை.

"இந்தக் குளத்திலை மீனே இல்லை," என்றார்.

மாஸ்டர் கூடாரத்தின் கதவுத் துணியை இழுத்து மூடினார். அடுப்பை அணைத்தார். உள்ளே இருட்டானது. அப்போதுதான் துளைக்குள் இருப்பது தெரிந்தது. வெளியே ஐஸுக்குள்ளால் இறங்கும் வெளிச்சத்தில் கீழே தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது.

"குப்புறப் படுத்துப் பாருங்கோ."

இந்த வயதில் ஐஸில் குப்புறப் படுப்பதா என்று சிவகடாட்சம் யோசித்தார். மாஸ்டர் ஒரு பழைய கம்பளியை விரித்துவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே படுத்து, துளைக்குமேல் முகத்தை வைத்தார்.

அடி வரைக்கும் தெரிந்தது. இரண்டு ஆள் ஆழம் இருக்கும். மணல், ஒரு கூழாங்கல், வாடிய பாசி. அவருடைய தூண்டிலில் கோத்த குஞ்சு மீன் நடுவில் தொங்கியது. அதைச் சுற்றி ஆறேழு பெர்ச். வரி வரியாக, செட்டையை மெல்ல அசைத்தபடி, ஒரு சாண் தள்ளி நின்றன.

முகத்தை இன்னும் துளைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"எப்ப வந்தது?"

"காலமையிலயிருந்து வரும், போகும்," என்றார் மாஸ்டர்.

பாசிக்குப் பின்னாலிருந்து பெரிதாக ஒன்று வந்தது. பெர்ச்சுகள் விலகின. வந்தது அவசரப்படவில்லை. தூண்டிலுக்கு நேரே வந்து நின்றது. கண் இரண்டும் கண்ணாடிக் குண்டுபோல மங்கலாகத் தெரிந்தன. மூக்கு கிட்டத்தட்ட இரையைத் தொட்டது. அப்படியே நின்றது. வாயைத் திறக்கவில்லை, போகவும் இல்லை.

சிவகடாட்சம் ஒரு நிமிஷம் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. கடி, கடி என்று தூண்டிலை ஆட்டினார். வால்ஐ ஒரு வாலடியில் திரும்பிப் போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் மணல் மட்டும் எழும்பிற்று.

அவருக்கு வந்த ஆத்திரத்தில் ஐஸைக் கையால் குத்தினார்.

"நிண்டது மாஸ்டர். மூஞ்சிக்கு நேரை வந்து நிண்டது. கடிக்கிறதெண்டால் கடிக்கவேண்டியதுதானே. கள்ளன். அவனும் இப்பிடித்தான், வந்து நிண்டவன்."

"ஆர், தம்பியோ?"

"வேறை ஆர்?"

"எப்ப வந்தவர்?"

சிவகடாட்சம் எழும்பவில்லை. படுத்தபடியே, துளைக்குள் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். இதை அவர் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. மாஸ்டரே கேட்டு முடிவு சொல்லட்டும், அவன் எப்படிப்பட்டவன் என்று ஊர் அறியட்டும் என்ற வெறியில்தான் சொன்னார்.

அப்பா செத்து அடுத்த மாரி. இவர் எட்மன்டனை விட்டு டொரோண்டோவுக்குக் குடிவந்த முதல் வருஷம். ஒரு சனிக்கிழமை, முழங்கால் அளவு ஸ்னோ. இவர் வீட்டு வாசலில் ஸ்னோ தள்ளும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். றோட்டில் ஒரு கார் நின்றது. குகதாசன் இறங்கினான். தொப்பி இல்லை, கையுறை இல்லை. வாசல் தொடக்கத்தில் வந்து நின்றான்.

"நான் பாக்காதமாதிரித் தள்ளிக்கொண்டு போனன். திரும்பி வந்தன். அப்பவும் நிக்கிறான். ஸ்னோ போய் அவன்ரை சப்பாத்திலை விழுது, காற்சட்டையிலை விழுது. அசையேல்லை. துப்புரவாக்கின இடத்தையே திரும்பவும் ஒருக்காத் தள்ளினன். நிக்கட்டும் எண்டு. நிண்டான், மரம் மாதிரி. பிறகு காரிலை ஏறிப் போட்டான்."

மாஸ்டர் தன் தூண்டிலை மெல்ல மேலே இழுத்தார்.

"நான் கேட்டது என்ன? காசோ, காணியோ? அண்ணை, நான் செய்தது பிழை. அவ்வளவுதான். அதைத் தன்ரை வாயாலை சொல்லட்டும், நான் அண்டைக்கே கட்டிப்பிடிச்சிருப்பன். வந்து மூஞ்சிக்கு நேரை நிண்டவன் ஒரு சொல்லுச் சொன்னவனோ? வாயிலையிருந்து புகைதான் வந்துது, குளிருக்கு. புகை, புகையா. ஒரு சொல்லு இல்லை. இப்ப தொண்டையை வெட்டப்போறாங்கள் எண்டதும் கதைக்கவேணுமாம். அண்டைக்குக் கதைச்சிருக்கலாமே. ஒரு சொல்லு. நீங்கள் சொல்லுங்கோ மாஸ்டர், அவனிலை பிழையோ, என்னிலை பிழையோ?"

குரல் கூடாரத் துணியில் மோதித் திரும்பியது. கீழே மணல் அடங்கி, தண்ணீர் மறுபடி தெளிந்துவிட்டது. ஒரு மீனும் இல்லை.

மாஸ்டர் தன் தூண்டிலைச் சுற்றி வைத்தார்.

"மிஷினை நிப்பாட்டினீங்களோ அண்ணை?"

"நான் ஏன் நிப்பாட்டவேணும்? அவன் கதைச்சிருந்தால் நிப்பாட்டியிருப்பன்."

"அந்தச் சத்தத்துக்கை, அவர் கதைக்கேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சிவகடாட்சம் சட்டென்று தலையை நிமிர்த்தினார். சொல்வதற்கு வாயைத் திறந்தார். குளிரில் புகைதான் வந்தது.