உபயம் எழுதிய ஹீட் பம்ப்

கோத்தகிரிக்கு மேலே இருந்த ஓர் ஆசிரமத்தில் அமுதவல்லி அம்மாதான் குரு. சீடர்களில் மூத்தவர் சிகாமணி. மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் குருவைவிடப் பெரியவர், கோபத்திலும் அப்படித்தான்.

ஆசிரமவாசி பொன்னரசி பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். மார்கழிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டியது. இன்னொரு முறை காய்ச்சல் வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவள் அறைக்கு ஒரு ஹீட் பம்ப் வாங்கத் தீர்மானித்தார்கள். வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து அறைக்குள் விடுகிற இயந்திரம். ஆசிரமக் கமிட்டியில் பாதிப் பேர் அதைத் தண்ணீர் மோட்டார் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிகாமணியுடையது. அறையை அளந்தார். ஜன்னல் இடுக்குகளை அடைத்தார். வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சின்ன இன்வெர்ட்டர் மாடல் போதும் என்றார்.

பணம் கொடுத்தவர் தேயிலைத் தொழிற்சாலை முதலாளி வரதப்பன். அவரோ ஒரே வேகத்தில் ஓடும் பெரிய இயந்திரம் ஒன்றை லாரியில் அனுப்பிவைத்தார். அதன் நெற்றியில் உபயம் என்று போட்டு, அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் சிவப்பு எழுத்தில் இருந்தன. சின்ன மாடலில் அவ்வளவு எழுத இடம் இருக்காது, அதுதான் விஷயம். நோயாளியின் நுரையீரலைப் பற்றி யார் கேட்டார்கள்?

அதை மாட்டிய திங்கட்கிழமையே சிகாமணி கமிட்டியில் கத்தினார். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் பொன்னரசிக்குக் கைகால் பிடித்துவிட்டு, பேப்பர் படித்துக் காட்டுகிறவர் அவர். இந்த இயந்திரம் இருக்கும்வரை அந்த அறை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

சனிக்கிழமை காலை குருவிடம் வந்தார்.

"அம்மா, என் கோபம் தப்பா?"

"எதுக்குக் கோபம்?"

"அந்த மிஷின் முழு வேகத்துல ஓடுது, ரூம் கொதிக்குது. பட்டுனு நின்னுடுது, ரூம் ஜில்லுனு ஆயிடுது. மறுபடியும் முழு வேகம். கரண்டும் தண்டம், அந்தப் பொண்ணுக்கும் நிம்மதி இல்ல. ரூமுக்குத் தகுந்ததா வாங்கியிருந்தா சன்னமா ஓடிக்கிட்டே இருக்கும், சூடு ஒரே சீரா நிக்கும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பேர் எழுதறதுக்கு மிஷின் வாங்கறானே, இது தர்மமா?"

"தர்மம் இல்ல."

சிகாமணி இதை எதிர்பார்க்கவில்லை. "அப்புறம் நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"சும்மா இல்ல. நேத்து வரதப்பன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். வர்ற திங்கக்கிழமை இதக் கழட்டிட்டு நீங்க சொன்னத மாட்டறாங்க. பேர் எழுதிக்க நம்ம காம்பவுண்ட் சுவரையே குடுத்துட்டேன்."

"அப்போ நான் சொன்னதுதான் சரி."

"சரிதான்."

"அந்த ஆளு கமிட்டி முன்னாடி என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுவரைக்கும் விட மாட்டேன்."

அம்மா எழுந்தார். "வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். சிகாமணி பின்னால் போனார். பொன்னரசியின் அறை வாசலில் நின்றுவிட்டார்.

உள்ளே இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் குளிர் ஏறியது. பொன்னரசி நல்ல கையால் கம்பளியை இழுத்தாள். அது நழுவியது. மறுபடியும் இழுத்தாள். இருமல் வந்து நிற்காமல் உலுக்கியது.

அம்மா உள்ளே போய்க் கம்பளியை இழுத்துப் போர்த்தினார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தேய்த்துவிட்டார். இயந்திரம் மறுபடி இரையத் தொடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

பொன்னரசி வாசல் பக்கம் பார்த்தாள். நாக்குக் குழறியது. "ஊருக்குப் போயிருந்தீங்களாண்ணா?"

சிகாமணி குருவைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த மிஷின் மேல இருந்த கோபம்மா. எப்பப் பாத்தாலும் நின்னு நின்னு போகுது."

அம்மா பாதத்தைத் தேய்த்தபடியே சொன்னார்:

"அது நின்னா கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடுது, சிகாமணி ஐயா. நீங்க திங்கக்கிழமை நின்னவரு."