மஞ்சூரியாவை உருக்கிய இடுப்பு

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் பிடிக்கும் உரிமை பல வருடமாக என்னுடையது. இந்த வருடம் சாமியாடி முப்பிடாதி, வேலாண்டியின் டீக்கடையில் வைத்து ஒரு நிபந்தனை போட்டான். "அண்ணாச்சி, கொடைக்குள்ள ஒரு புளுகுல மாட்டினாலும் நீரு மைக்கைத் தொடப்படாது."

நானா புளுகுகிறவன்? ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட வாயை மூடாமலே மஞ்சூரியா போய்வந்த கதையைத் தொடங்கினேன்.

"காலிபிளவர் வறுப்பாங்களே, அந்த ஊரா?" என்றான் வேலாண்டி.

"காலிபிளவருக்கும் அந்த ஊருக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. அது சீனாவுக்கு வடகிழக்கு மூலையில பனி கொட்டுற சீமை. அங்கயும் சாமியாடி உண்டுடே. இடுப்புல தோல் கச்சை, அதுல கூம்பு கூம்பா இரும்பு மணி. மணிக்கு நாக்கு கிடையாது. இடுப்பை வெட்டி ஆட்டினா ஒண்ணோடொண்ணு மோதிச் சத்தம் வரும். அதைக் கேட்டு முன்னோர் இறங்குவாங்க."

இதுவரை உண்மை. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவனுக்கு மைக் ஆசை எதற்கு?

"அன்னைக்கு அவங்க சாமியாடிக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. ஊரே என் இடுப்பைப் பாத்துது. கச்சையைக் கட்டினேன். ஒரு ஆட்டு ஆட்டினேன், கூரைப் பனியெல்லாம் சரிஞ்சுது. இன்னொரு ஆட்டு, உறைஞ்ச ஆறு கொதிச்சு மீனெல்லாம் வெந்து மிதந்துது."

"மசாலா தடவியா?"

"குறுக்க பேசாதடே. மூணாவது ஆட்டுல சத்தம் இமயமலையைத் தாண்டிட்டு. நம்ம ஊரு முன்னோரும் கிளம்பி வந்துட்டாங்க. முப்பிடாதி, உங்க தாத்தா பனியில ஒத்தை வேட்டியோட நின்னு, 'என் பேரனுக்கு இந்த ஆட்டம் வரலியே'ன்னு அழுதாரு!"

முப்பிடாதி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"தாத்தா அடுத்த தெருவுல கூழ் குடிச்சுக்கிட்டிருக்காரு."

செத்தவர் பட்டியலைச் சரிபார்க்காமல் புளுகியது என் தவறு. ஆனாலும் மைக் போகிறதே!

"அதாம்டே விசேஷம். மத்தவன் செத்தவங்களை இறக்குவான், நான் உசுரோட இருக்கவரையே இறக்கினேன்."

முப்பிடாதி வீட்டுக்குப் போய்த் தன் மணிக் கச்சையை எடுத்து வந்து நீட்டினான். "கட்டும். தாத்தா வந்துட்டா மைக் உமக்கு."

கட்டினேன். ஆட்டினேன். மணிகள் அசையவில்லை; இடுப்புக்குள்தான் ஏதோ 'மடக்'கென்றது. நான் போட்ட கூச்சலில் கடைக் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன.

தெருமுனையில் கம்பு ஊன்றும் சத்தம். "எவம்ல அது, ஆட்டை அறுக்கிற மாதிரி கத்துறது?" தாத்தா வந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டாரா இல்லியா?" என்றேன், பெஞ்சில் கவிழ்ந்தபடியே. "மைக்கை எடு!"

முப்பிடாதி என் இடுப்பிலிருந்து கச்சையை அவிழ்த்தான்.

"இம்புட்டுத் தொண்டை இருக்கவருக்கு மைக் எதுக்கு அண்ணாச்சி?"